கடிதங்களில் ஊரைக் கண்ட கர்னல்

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எங்கு பார்த்தாலும் தொழிற்சாலை. அந்தத் தொண்டை மண்டலத்தில் முன்னாளில் குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டதாகப் பெரியவர்கள் சொன்ன கதைகளை எழுதி வைக்கச் செய்தவர் ஒரு பட்டாளத்து அதிகாரி. அவர்தான் கர்னல் காலின் மெக்கன்சி.

1754-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; 1783-ல் சென்னைக்கு வந்தார். நிலம் அளப்பது அவர் வேலை. மைசூர்ச் சீமையை அளந்தவர் அவரே. வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டு மொழி எதுவும் அவருக்கு வராது!

ஆகவே காவலி வெங்கட பொரய்யா என்ற தெலுங்கு இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். 1803-ல் பொரய்யா இறந்துபோகவே, தம்பி லட்சுமய்யா பொறுப்பேற்றார். உதவியாளர்கள் ஊர் ஊராகப் போய் ஏடும் கல்வெட்டும் தேடினார்கள். கண்டதையும் கேட்டதையும் கர்னலுக்குக் கடிதமாக எழுதினார்கள். வரி போட வந்தவர்களோ என்று பயந்து வாய் திறக்காதவர்களும் உண்டு. பாவம், என்ன பாடு பட்டார்களோ!

மெக்கன்சி 1815-ல் இந்தியா முழுவதற்கும் தலைமை நில அளவை அதிகாரி ஆனார். 1821-ல் காலமானார். அவர் சேர்த்தவற்றை அவர் மனைவியிடமிருந்து கும்பினியார் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். அவற்றில் பல ஏடுகள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன.

விட்ட வேலையைத் தாமே தொடர லட்சுமய்யா அனுமதி கேட்டார். அதற்கு அவர் தகுதியுள்ளவர் அல்ல என்று கல்கத்தா ஆசியச் சங்கத்தார் மறுத்துவிட்டார்கள்.