சாதிலிங்கமும் ஜாபிர் இப்னு ஹய்யானும்

சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1826-ல் நம் சூலியா முன்னோர் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலில் தொழுது வெளியே வந்தால் அக்கம்பக்கத்தில் சீன மருந்துக் கடைகளைக் காணலாம். நம் நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் எனப்படும் சிவப்புச் சரக்கைச் சீனர் பன்னெடுங்காலம் மருந்திலும் முத்திரை மையிலும் வழங்கி வந்தனர். அது உண்டாகும் விதத்தை அரபு மொழியில் எழுதி வைத்தவர் என்று போற்றப்படும் பெரியாரின் சரிதையைச் சகோதரர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஜாபிர் இப்னு ஹய்யான் ஹிஜ்ரி 2-ம் நூற்றாண்டினர். தகப்பனார் ஹய்யான், கூஃபா நகரில் மருந்துச் சரக்கு வியாபாரி. நம்மைப் போலத் தராசு பிடித்தவர். அப்பாசியருக்காக உழைத்ததால் உமையா ஆட்சியாளர் அவரைக் கொன்றனர் என்பது வழங்கிவரும் வரலாறு. மகன் இமாம் ஜஃபர் சாதிக் அவர்களிடம் கல்வி கற்றார் என்றும், கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் பர்மகீ மந்திரிகளின் ஆதரவு பெற்றார் என்றும் கூறுவர். 803-ல் பர்மகீகள் வீழ்ந்தபின் கூஃபாவுக்கே திரும்பி அடங்கி வாழ்ந்தாராம்.

அவர் பெயரால் வழங்கும் நூலில் சொன்ன முறை இதுதான். பாதரசத்தைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கந்தகத் தூள் இட்ட மண்பானைக்குள் வைத்து, சுற்றிலும் கந்தகத்தை நிரப்பி, வாயை மூடி, ஓர் இரவு சிறுதீயில் வைக்க வேண்டும். விடிந்து திறந்தால் இரத்தச் சிவப்பில் கெட்டியான கல் இருக்கும். அங்கே இரண்டு பொருளும் அழிந்துபோகவில்லை. கண்ணுக்குப் பிரித்தறிய இயலாத நுண் துகள்களாய் ஒன்று சேர்ந்தன என்று அவர் விளக்கினார். இன்றைய ரசாயனம் அந்தச் சேர்க்கையை நிறுத்தே காட்டுகிறது: 100 பங்கு சாதிலிங்கத்தில் பாதரசம் 86, கந்தகம் 14. கல்வத்தில் இரண்டையும் அரைத்தால் கிடைக்கும் கறுப்புப் பொடியும் இதே சேர்க்கைதான். உள்ளே அணுக்கள் அமைந்த ஒழுங்கே வேறு. தீயில் ஆவியாகிப் படியும்போது சிவப்பாகிறது.

சீனத்து கோ ஹோங் 4-ம் நூற்றாண்டிலேயே இதன் மாற்றங்களை எழுதிவிட்டார் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. எல்லா உலோகங்களும் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தவையே என்று ஜாபிர் நூல்கள் சொன்னதும் பிழை. அதை நம்பித் தங்கம் செய்யப் புகுந்து கைப்பொருளைத் தொலைத்தவர் எத்தனையோ பேர்! இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சாதிலிங்கத்தைத் திறந்த அடுப்பில் சுட்டால் பாதரச ஆவி கிளம்பும்; அது நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அப்படி ஒருவர் இருந்தாரா என்ற ஐயமும் பழையது. 1942, 1943-ம் ஆண்டுகளில் கெய்ரோவில் வெளிவந்த ஆராய்ச்சியில் பவுல் கிராவுஸ் என்பவர், இந்நூல்கள் பிற்காலத்தில் பலர் எழுதியவை என்று வாதித்தார். பல நூல்களைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் உண்டு என்றே நமக்கும் படுகிறது. ஆனால் 987-ல் பக்தாதில் நூற்பட்டியல் தொகுத்த இப்னு நதீம் இதே பேச்சைக் கேட்டு மறுத்தார். உடலை வருத்தி நூல் எழுதிய ஒருவன், இருந்தானோ இல்லையோ என்ற வேறொருவன் பேரில் அதை ஏன் விடுவான் என்று கேட்டார் அவர். அவரும் ஒரு புத்தக வியாபாரியே. கூஃபாவில் ஜாபிரின் வீடு இருந்த இடத்தில் தங்கம் கிடந்த உரல் ஒன்று அகப்பட்டதாகவும் அவர் எழுதி வைத்தார். அந்தத் தங்கத்தை மட்டும் நாம் நிறுத்துப் பாராமல் ஒப்புக்கொள்வதற்கில்லை.