நாடகத் தமிழ் வளர்த்த நல்லாசிரியர்

இயல், இசை, நாடகம் எனத் தமிழ் மூவகைப்படும். அவற்றுள் நாடகம், கல்லாதாரும் கண்டு பயன்கொள்ளும் சிறப்புடையது. அரக்கோணம் முதலிய பகுதிகளில், திரௌபதியம்மன் திருவிழாக் காலங்களில் விடியுமளவும் நிகழும் பாரதக் கூத்தைக் கண்டவர் இதனை நன்கறிவர். ஏட்டைத் தொட்டறியாத உழவரும் தருமனுடைய பொறுமையையும் கன்னனுடைய கொடையையும் அக்கூத்தினாலே உணர்வர். இத்தகைய நாடகக் கலையை ஒழுங்குபடுத்தி, இளஞ்சிறார்க்கு முறையாகக் கற்பித்த பெரியார் சங்கரதாஸ் சுவாமிகள் ஆவர்.

இளமையும் கல்வியும்

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். தந்தையாரிடம் தமிழ் பயின்ற பின்னர், பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தெளிந்தார். வெண்பாவும் கலித்துறையும் எளிதிற் பாடும் ஆற்றல் அவர்க்கு வாய்த்தது. சிலகாலம் உப்புப் பண்டசாலையில் கணக்கராக இருந்தார். ஆயினும் அவருள்ளம் கணக்கேட்டில் ஒன்றவில்லை. இருபத்து நான்காம் அகவையில் நாடகத் துறையிற் புகுந்தார்.

நடிப்பும் மனமாற்றமும்

இரணியன், இராவணன், இயமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவர் பெரும்புகழ் பெற்றார். ஒருகால், சனீசுவரனாக நடித்த இரவு கழிந்து, வைகறையில் வேடத்தைக் களைய நீர்நிலைக்குச் சென்றார். ஆங்கு வந்த கருவுற்ற மாதொருத்தி, அக்கொடிய தோற்றத்தைக் கண்டு நடுங்கிக் கருவிழந்தனள் என்பர். அவர் இயமனாக நடித்தபோதும் இத்தகைய துயரமொன்று நேர்ந்ததாகக் கூறுவர். தம் நடிப்பின் வெற்றி பிறவுயிர்க்குத் துன்பமாயிற்றே என்று அவர் உள்ளம் உருகினார். புகழ் கைவந்த நிலையிலேயே அவ்வேடங்களைத் துறந்தார். திருத்தலங்கள் பலவற்றிற்கு யாத்திரை சென்றார். மீண்டு வந்து, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் அன்பிற்குரியவராகித் தாளநுட்பம் உணர்ந்தார்.

ஆசிரியப் பணி

அக்காலத்து நடிகருட் சிலர், நாடகப் பகுதிகளை முறையாகப் பாடஞ் செய்யாது, மேடையில் மனம்போனவாறு பேசிப் பூசலிட்டனர். இக்குறையைக் களையக் கருதிய சுவாமிகள், உரையாடலையும் பாடலையும் வரையறுத்து எழுதினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம் முதலாக அவர் இயற்றிய நாடகங்கள் ஏறத்தாழ நாற்பதாகும். அபிமன்யு சுந்தரியை ஓரிரவிலேயே எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் வியந்து போற்றும் செய்தி.

ஒழுங்கை இளமையிலேயே விதைத்தல் வேண்டும் எனத் துணிந்து, சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தலானார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் இசைப்புகழ் பெற்ற கிட்டப்பா அதிற் பயின்றவரே. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஆறு வயதுச் சிறுவராகிய தி. க. சண்முகம் தம் தமையன்மாரோடு அதிற் சேர்ந்தார்.

அச்சபை குருகுலம் போன்றது. சிறுவர்கள் ஒருங்கே உண்டு, உறங்கிப் பயின்றனர். எழுத்தொலி பிறழாது பேசுதல், பொருளுணர்ந்து பாடுதல், பாத்திரத்தின் இயல்பிற்கேற்ப மெய்ப்பாடு காட்டுதல், தம்முறை வருந்துணையும் அமைந்திருத்தல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். பள்ளி செல்லும் பேறு பெறாத சிறுவர் பலர்க்கு அம்மேடையே தமிழ்ப் பள்ளியாயிற்று. சுவாமிகள் கண்டிப்பு மிக்கவர். அக்கண்டிப்பினும் அவர் அன்பு பெரிது.

இறுதிக் காலம்

பல்லாயிரம் சொற்களைப் பிறர் நாவிற்கு வழங்கிய அப்பெரியார், பக்கவாத நோயாற் பேச்சிழந்தார். ஆயினும் தம் மாணவரை விட்டுப் பிரிந்தாரல்லர். 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவர் பயிற்றிய சிறுவருள் ஒருவராகிய சண்முகம், ஔவையாராக நடித்துப் பெரும்புகழ் பெற்றதோடு, தம் ஆசிரியரின் வரலாற்றையும் எழுதி நன்றிக்கடன் செலுத்தினார்.

மாணவர்களே! பள்ளி விழாக்களில் நீவிரும் வேடம் புனைந்து மேடை ஏறுவீர். அப்பொழுது கைதட்டலை மட்டும் விரும்பாது, சொல்லைத் திருத்தமாகக் கூறவும், உடன் நடிப்பார்க்கு இடங்கொடுக்கவும், காண்பார் உள்ளத்திற்கு நலம் செய்யவும் கருதுக. அதுவே சுவாமிகள் காட்டிய நெறி.