டிஃபென்டரை ஃபார்வர்டாக்கி தங்கம் வென்ற கோச்... யார் இந்த ரஹீம்?

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய கால்பந்து அணி கடைசியாகத் தங்கம் வென்றது 1962-ல். அந்த அணியின் கோச் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், ஆசிரியராக இருந்தவர்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என இந்தியா தோற்றது. நம்ம வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகு ஷூ கட்டாயமானது. டிஃபென்ஸில் 4 பேர், நடுவில் 2, முன்னால் 4 என ஆடும் முறையை ரஹீம் அணிக்குப் பழக்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 4-ம் இடம்!

1962 ஜகார்த்தாவில் முதல் மேட்ச்சிலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்து மேட்ச்சில் டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்கு தலையில் அடி, தையல். அவரை உட்கார வைக்காமல், அரையிறுதியில் ஃபார்வர்டாக இறக்கினார் ரஹீம். அங்கும் கோல் அடித்தார் ஜர்னைல், ஃபைனலிலும் அடித்தார். அதே தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது.

இதெல்லாம் நடந்தபோது ரஹீமுக்கு புற்றுநோய். தங்கம் வென்று ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1963 ஜூன் 11-ல் 53 வயதில் காலமானார். 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்தது. தங்கம் மட்டும் இன்னும் திரும்பி வரவே இல்லை.