பந்தயம் பார்க்க வந்த செல்வர்

ஓட்டப் பந்தயம் என்றால் உலகம் முதலில் வந்தவனைப் பற்றித்தான் பேசும். மாலை விழுவதும் நாளேட்டில் படம் வருவதும் அவனுக்குத்தான். நான் இங்கே எழுதப் புகுந்தது முதலில் வந்தவரைப் பற்றி அன்று. ஓடியவர்களை நின்று பார்த்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் சர் தோராப்ஜி டாட்டா. இரும்பு என்றதும் நினைவுக்கு வரும் அந்தப் பெயருக்கும் வெறுங்கால் ஓட்டக்காரனுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். அதைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

நான் ஓமந்தூரிலிருந்து இக்கல்லூரிக்கு வருகிறவன். 1947இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகி, 1949இல் பதவியிலிருந்து விலகி, பின்னர் வடலூரில் தொண்டில் ஆழ்ந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரால் எங்கள் ஊர்ப் பெயரை நாடறியும். என்னால் ஊருக்கு அப்படி ஒரு பெருமையும் இல்லை. விடியற்காலையில் மணிலாக் கொல்லைகளுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே செல்லும் சாலையில் ஓடுவது என் வழக்கம். அக்கம்பக்கத்தில் சுதந்திர தினம், பொங்கல் விழா என்று சாலை ஓட்டம் நடந்தால் பெயர் கொடுத்துவிடுவேன். இதுவரை ஒரு பரிசும் வாங்கியதில்லை. ஓடுகிற தெம்பில் நாலு பாத்தி களை எடுக்கலாமே என்பார் அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். கடைசியிலிருந்து நான்காவது ஆளாக ஓடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட இடத்தை அடைந்தபோது குடம் காலியாக இருந்தது. மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நா வறண்டு, கண் இருண்டது. சாலையோரத்தில் நீர்மோர் விற்றுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு தம்ளர் மோர் கொடுத்தார். என்னிடம் காசு இல்லை என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று மட்டும் விசாரித்தார். முடிவிடம் சேர்ந்தபோது அலங்கார வளைவையே அவிழ்த்திருந்தார்கள். இனி ஓடுவதில்லை என்று அன்றிரவு முடிவு செய்தேன். அந்த மனநிலையில் நூலகத்தில் தற்செயலாகப் படித்ததுதான் டாட்டாவின் வரலாறு.

இளமையும் விளையாட்டும்

தொழில்துறை முன்னோடி ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த மைந்தராக 1859 ஆகஸ்டு 27ஆம் நாள் பம்பாயில் பிறந்தார் தோராப்ஜி. 1877இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்று இரண்டாண்டுகள் பயின்றார். அங்கே புத்தகத்தைவிட மைதானமே அவரை மிகுதியாக ஈர்த்தது போலும். கிரிக்கெட், கால்பந்து, டென்னிஸ், படகோட்டம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. குறுந்தூர ஓட்டத்திலும் பரிசுகள் பெற்றார். தாயகம் திரும்பி, 1882இல் பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் பட்டம் பெற்றார். சில காலம் செய்தியாளராகப் பணியாற்றிவிட்டுத் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். 1897இல் அவர் மணந்த மெஹர்பாய் அம்மையாரும் சேலை உடுத்தியே டென்னிஸ் ஆடிப் பரிசுகளை வென்ற வீராங்கனை ஆவார்.

தந்தையின் கனவு இந்தியாவிலேயே எஃகு ஆலை அமைப்பது. அதற்கான இரும்புத்தாதைத் தேடி மாட்டு வண்டியில் காடு மேடெல்லாம் அலைந்தவர் தோராப்ஜி. ஒரு முறை நாகபுரியில் அதிகாரி ஒருவருக்காகக் காத்திருந்த வேளையில், பொழுது போக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். அங்கிருந்த நிலவியல் வரைபடம் ஒன்று துர்க் மாவட்டத்தின் இரும்பு மலைகளை அவருக்குக் காட்டிக்கொடுத்தது. பிறர் பார்த்தும் பாராமலும் கடந்து போவதை நின்று பார்ப்பது அவர் இயல்பு. 1904இல் தந்தை மறைந்தார். 1907இல் எஃகு நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1912இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். பாடநூலில் இடம்பெறாத ஒரு நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன்.

பூனாவில் ஒரு பந்தயம்

1919ஆம் ஆண்டு. பூனாவிலுள்ள டெக்கான் ஜிம்கானா நடத்திய விளையாட்டு விழாவுக்குத் தலைவர் என்ற முறையில் டாட்டா சென்றிருந்தார். அன்று ஒரு நெடுந்தூரச் சாலை ஓட்டமும் நடைபெற்றது. ஓடியவர்கள் கழனியில் உழைக்கும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். காலில் செருப்பில்லை. பயிற்சி கொடுப்பார் இல்லை. எளிய உணவே அவர்கள் கண்டது. பந்தய விதிகளைச் சரிவர அறிந்தாரும் அங்கில்லை. முன்னணியில் வந்த சிலருடைய ஓட்ட நேரத்தைக் கவனித்த டாட்டா வியந்துபோனார். ஐரோப்பிய வீரர்களின் நேரத்துக்கு அது அவ்வளவு நெருக்கமாக இருந்தது!

அந்த விழாவைப் பார்த்த கனவான்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். கைதட்டிவிட்டு வீடு திரும்பியிருப்பர். டாட்டா அப்படித் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடக்கவிருந்த ஒலிம்பிக் பந்தயத்துக்கு இவர்களை அனுப்பியே தீர வேண்டும் என்று உறுதி கொண்டார். அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் என்ற ஒன்றே கிடையாது. நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் தேர்வு பெற எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று கேட்டபோது, குழுவிலிருந்த ஒருவர் ஓரிரண்டு நிமிடம் இருக்கலாம் என்றாராம். கணக்கு விநாடிகளில், அதையும் பங்கிட்டு, என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்ததாம்! நம் நாட்டு ஒலிம்பிக் வரலாறு இந்த நிலையிலிருந்துதான் புறப்பட்டது. ஏற்பாடுகளை முன்னின்று செய்து, தம் சொந்தப் பணத்தையும் தந்தார் டாட்டா.

1920இல் ஆறு பேர் கொண்ட அணி கப்பலேறியது. ஓட்டக்காரர் நால்வர், மல்லர் இருவர். பெல்காம் பகுதியைச் சேர்ந்த பதெப்பா சௌகுலே அவர்களில் ஒருவர். ஆகஸ்டு 22ஆம் நாள் நடந்த மராத்தானில் அவர் 2 மணி 50 நிமிடம் 45 விநாடியில் ஓடி 19ஆவது இடத்தைப் பெற்றார். வென்றவர் பின்லாந்தின் கோலெமைனன். அவருக்குப் பிடித்த நேரம் 2 மணி 32 நிமிடம் 35 விநாடி. அன்றைய தூரம் 42.75 கிலோமீட்டர். ஓடிப் பழகியவன் என்ற முறையில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோலெமைனன் வெற்றிக் கோட்டைத் தொட்டபோது சௌகுலே இன்னும் நாலரைக் கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. மாலை வேறொருவர் கழுத்தில் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் ஓட வேண்டிய நாலரைக் கிலோமீட்டர்! அந்தத் தூரம் எத்தகையது என்பது என்னைப் போன்றோருக்குத் தெரியும்.

வெறுங்கையும் விரிந்த மனமும்

அணி பதக்கமின்றித் திரும்பியது. வணிகர் கண்ணோட்டத்தில் இது நட்டம். போட்ட முதல் திரும்பாத இடத்தில் மீண்டும் முதலிட எவர் முன்வருவார்? டாட்டா முன்வந்தார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அணியை அனுப்பும் முயற்சிக்கும் துணை நின்றார். இம்முறை வீரர்கள் நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் அவ்வணியின் மேலாளராகச் சென்றார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் டாட்டாவே. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்திய வளைகோல் பந்தாட்ட அணி தங்கம் வென்றது.

பெருஞ்செல்வருக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்று சிலர் கருதலாம். எனக்கும் அந்த ஐயம் எழுந்தது. அதே 1924ஆம் ஆண்டின் இன்னொரு நிகழ்ச்சி அதைப் போக்கியது. எஃகு நிறுவனம் கடும் நெருக்கடியில் சிக்கி, தொழிலாளருக்கு ஊதியம் கொடுக்கவும் வழியின்றித் தவித்தது. டாட்டா தம் சொந்தச் சொத்தையும் துணைவியாரின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற்று ஆலையைக் காத்தார். வென்றால் மட்டும் துணை நிற்பவர் அவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1931இல் மெஹர்பாய் அம்மையார் இரத்தப் புற்றுநோயால் காலமானார். குழந்தைகள் இல்லாத டாட்டா, மறு ஆண்டு தம் செல்வம் முழுவதையும் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். மனைவியின் கல்லறையைக் காண இங்கிலாந்து நோக்கிப் பயணமானவர், வழியில் ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கன் நகரில் 1932 ஜூன் 3ஆம் நாள் உயிர் நீத்தார். இங்கிலாந்தின் புரூக்வுட் இடுகாட்டில் மனைவியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த அறக்கட்டளையின் கொடையால் 1941இல் பம்பாயில் டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

நாம் செய்யக்கூடியது

இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது எனக்கு நீர்மோர்ப் பாட்டியின் நினைவு வந்தது. கோடீசுவரரையும் மோர்க்காரப் பாட்டியையும் ஒப்பிடலாமா என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். கொடுத்தது வேறு, கண்டது ஒன்று. இருவரும் ஓடுகிறவனைப் பார்த்தார்கள். அவன் எத்தனையாவது ஆள் என்று பார்க்கவில்லை. அவனுக்கு என்ன குறை என்று பார்த்தார்கள்.

நான் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டேன். இப்போது எங்கள் தெருச் சிறுவர்கள் மூவர் உடன் ஓடுகிறார்கள். அவர்களில் ஒருவன் வெறுங்காலுடன் என்னை முந்துகிறான். அவனைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்கிறேன். அடுத்த சாலை ஓட்டத்தன்று பாதையின் கடைசிக் கிலோமீட்டரில் இரண்டு குடம் தண்ணீர் வைப்பதென்று நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். கடைசி ஆள் கடந்து போகும் வரை குடம் அங்கேயே இருக்கும். ஓட விருப்பமில்லாத மாணவ நண்பர்களுக்கும் அங்கே வேலை உண்டு. வாருங்கள், தண்ணீர் மொண்டு கொடுங்கள். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.