ஹக்கீம் அஜ்மல்கான்

கிரேக்க நாட்டில் தோன்றி, அரபு மொழி அறிஞரால் வளர்க்கப்பெற்று, பாரத நாட்டில் வேரூன்றிய மருத்துவ முறை யூனானியாகும். பழந்தமிழர் யவனர் எனக் குறித்த கிரேக்கரையே அரபு மொழியார் யூனானியர் என்றனர். இம்மருத்துவத்திற்கு நம் நாட்டில் இடையூறு நேர்ந்தபோது, அதனைக் காத்த பெருமகனார் ஹக்கீம் அஜ்மல்கான் ஆவார்.

இவர் 1868 ஆம் ஆண்டு தில்லி மாநகரில் பிறந்தார். இவர்தம் முன்னோர் முகலாய மன்னர்க்கு மருத்துவராய் விளங்கியவர். அரபும் பாரசீகமும் கற்ற அஜ்மல்கான், மருத்துவத்தைத் தம் குடும்பப் பெரியோரிடமே பயின்றார். 1892 இல் இராம்பூர் நவாபின் மருத்துவரானார். அரசரிடத்துப் பெருமதிப்புப் பெற்ற அவர், வறியோர்க்குப் பொருள் பெறாமலே மருந்தளித்தார்.

குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கும் உடலில் அளவோடு அமைந்திருப்பதே நலம். அவ்வளவு பிறழ்வதே நோய் என்பது யூனானியின் அடிப்படைக் கொள்கை. வெம்மை, தண்மை, ஈரம், வறட்சி ஆகியவற்றின் கலப்பால் ஒவ்வொருவர்க்கும் தனி இயல்பு உண்டு. நோயைத் தீர்க்கும் ஆற்றல் உடலிடத்தே உள்ளது. மருத்துவர் அதற்குத் துணை நிற்பவரே. ஆதலின் நாடி பார்த்து இயல்பறிந்து, முதலில் உணவையும் பழக்கத்தையும் திருத்துவர். பின்னரே மருந்தை நாடுவர்.

ஆங்கிலேயர் ஆட்சியில், மேலை மருத்துவம் பயின்றோரை மட்டுமே மருத்துவராகப் பதிவு செய்யும் சட்ட முயற்சி எழுந்தது. அது நிறைவேறின், நாட்டு மருத்துவர் பலர் வாழ்விழப்பர். அவர்களை நம்பிய ஏழை மக்களும் துணையிழப்பர். இதனை உணர்ந்த அஜ்மல்கான், 1910 இல் ஆயுர்வேத, யூனானி மருத்துவரை ஒரே மாநாட்டில் ஒன்று கூட்டினார். எனினும் அவர் பழமையை மட்டும் போற்றியவர் அல்லர். 1911 இல் ஐரோப்பா சென்று, ஆங்குள்ள மருத்துவமனைகளை நேரிற் கண்டார். உடற்கூறு முதலிய புதிய அறிவையும் தம்மவர் கற்றல் வேண்டும் எனத் துணிந்தார். அதன் பயனாக, ஆயுர்வேதமும் யூனானியும் ஒருங்கே கற்பிக்கும் திப்பியாக் கல்லூரி தில்லியில் எழுந்தது. 1921 இல் காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார்.

நாட்டு விடுதலைக்கும் அவர் உழைத்தார். 1920 இல் அரசு தமக்களித்த பட்டத்தைத் துறந்தார். அவ்வாண்டு தோன்றிய ஜாமியா மில்லியா கல்வி நிலையத்தின் முதல் வேந்தரானார். 1921 இல் சித்தரஞ்சன்தாசர் சிறைப்பட்டமையால், அகமதாபாத் காங்கிரசு மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். 1927 இல் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னர், 1931 இல் சலீமுசமான் சித்திக்கி என்னும் அறிஞர், சர்ப்பகந்தி வேரினின்று ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையை ஆராய்வதற்கு அது பயன்படுகிறது. பழைய மூலிகையைப் புதிய ஆராய்ச்சியோடு இணைக்க விரும்பியவர்க்கு இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறில்லை.