மேற்கோளில் விடுபட்ட ஏவரி

ஓர் ஆய்வை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணியே அறிஞரை அளக்கும் இந்நாளில், ஆஸ்வால்டு ஏவரியின் வாழ்வை நம் இளைஞர் முன் வைக்க விரும்புகிறோம்.

1877இல் கனடாவில் பிறந்த இவர், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் 1913 முதல் நிமோனியாக் கிருமிகளை ஆராய்ந்தார். நோய் விளைக்கும் கிருமியின் சாறு தீங்கற்ற கிருமியை மாற்றியது. மாற்றம் அதன் வழித்தோன்றல்களிலும் தொடர்ந்தது. சாற்றிலுள்ள புரதத்தைச் சிதைத்தும் அவ்வாற்றல் குன்றவில்லை, டி.என்.ஏ.வைச் சிதைத்ததும் அழிந்தது. மக்லௌட், மக்கார்ட்டி இருவருடன் 1944இல் இதனை வெளியிட்டபோது அவருக்கு வயது 66.

மரபுப்பொருள் புரதமே என்றிருந்த பலர் ஐயுற்றனர். 1953இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரையின் ஆறு மேற்கோள் குறிப்புகளில் ஏவரி இல்லை, சார்காஃப் இருந்தார். சார்காஃபை டி.என்.ஏ. ஆய்வுக்குத் திருப்பியதோ ஏவரியின் கட்டுரையே. நோபல் பரிசு எய்தாமலே ஏவரி 1955இல் மறைந்தார்.