லீ மாதௌ

இத்தாலி நாட்டின் மாசெராத்தா நகரில் 1552ஆம் ஆண்டு பிறந்தவர் மத்தேயோ ரிச்சி. தந்தையின் விருப்பப்படி சட்டம் பயில உரோமை நகருக்குச் சென்ற அவர், இயேசு சபையில் சேர்ந்து துறவியானார். அங்குக் கிளாவியுஸ் என்னும் கணித அறிஞரிடம் கணிதமும் வானியலும் கற்றார். 1578இல் கோவாவை அடைந்து, கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582இல் மக்காவ் வந்து சேர்ந்தார். சமயம் பரப்பச் சீனாவுக்குள் நுழைய வேண்டுமாயின் முதலில் அந்நாட்டு மொழி கைவர வேண்டும்.

அம்மொழியோ அவர் அறிந்த எம்மொழியையும் ஒத்ததன்று. அதற்கு அகரவரிசை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எழுத்துருக்களைத் தனித்தனியே நினைவில் இருத்த வேண்டும். ஒலிப்பிலும் இடர் உண்டு. 'மா' என்னும் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாய், சணல், குதிரை, வைதல் என நான்கு பொருள் தரும். குரல் சற்றே பிறழ்ந்தால் தாய் குதிரையாகிவிடுவாள்! ரிச்சியும் ருஜ்ஜியேரி என்னும் துறவியும் போர்த்துகீசியச் சொல், அதற்கு நேரான சீன ஒலிப்பு, சீன எழுத்து என்னும் வரிசையில் அகராதி ஒன்றைத் தொகுத்தனர். பின்னர் ஒரு படகுப் பயணத்தின்போது, சீனச் சொற்களின் குரல் வேறுபாடுகளைக் காட்டத் தனிக் குறியீடுகளையும் ரிச்சி தம் தோழருடன் சேர்ந்து வகுத்தார்.

மொழி வந்தது, மதிப்பு வரவில்லை. தொடக்கத்தில் அவர் தலையை மழித்துப் புத்தத் துறவியரின் உடையை அணிந்திருந்தார். மக்கள் ஐயுற்றனர். ஒருமுறை நள்ளிரவில் வீடு தாக்கப்பட்டபோது சாளரத்தின் வழியே குதித்துக் கணுக்காலில் அடிபட்டார். அந்த ஊனம் இறுதிவரை நீங்கவில்லை. சீனச் சமுதாயத்தில் உயர்மதிப்புப் பெற்றவர்கள் துறவியர் அல்லர், கன்பூசியசின் நூல்களைக் கற்றுத் தேர்வெழுதிய அறிஞர்களே என்பதை, அவரிடம் கணிதம் பயின்ற சீன நண்பர் ஒருவர் உணர்த்தினார். 1595 முதல் ரிச்சி தாடி வளர்த்து, பட்டாடை அணிந்து, கற்றோர் அவைகளில் இடம்பெற்றார். தைரியநாதர் என வந்து வீரமாமுனிவராக வாழ்ந்த பெஸ்கியை அறிந்த தமிழ் மாணவர்க்கு இம்மாற்றம் வியப்பளிக்காது; ஆயினும் ரிச்சி அவருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டவர்.

அவ்வாண்டிலேயே நட்பைப் பற்றிய நூலொன்றைச் சீன மொழியிலேயே எழுதினார். அயலார் ஒருவரின் எழுத்தைச் சீன அறிஞர்கள் விரும்பிப் படித்தனர். மாணவர் முதல் ஆளுநர் வரை அவரை லீ மாதௌ என்றே அழைத்தனர். 1601இல் பெய்ஜிங் சென்று பேரரசர் வான்லிக்குத் தானே மணியடிக்கும் கடிகாரங்களை அளித்தார். அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் வேறெவரும் அங்கில்லாமையால் தலைநகரில் தங்கும் வாய்ப்பும் கிட்டிற்று. 1602இல் லீ சிசாவோவின் துணையுடன் வெளிவந்த உலகப்படம், சீனாவை நடுப்பகுதியில் அமைத்துக்கொண்டே, அந்நாட்டார் அதுவரை அறியாத அமெரிக்கக் கண்டங்களையும் காட்டியது.

சு குவாங்ச்சி என்னும் அறிஞருடன் இணைந்து யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளை மொழிபெயர்த்தது அவரது அரும்பணி. ரிச்சி பொருளை வாய்மொழியாக விளக்குவார். சு குவாங்ச்சி அதைச் செவ்விய சீன நடையில் எழுதுவார். 1607இல் அந்நூல் அச்சேறியது. வடிவியலுக்கு அதில் ஆளப்பட்ட 'ஜிஹெ' என்னும் சொல்லே இன்றும் சீனப் பள்ளிகளில் வழங்குகிறது.

1610 மே 11இல் ரிச்சி பெய்ஜிங்கில் காலமானார். அங்கு இறக்கும் ஐரோப்பியத் துறவியரின் உடலை மக்காவுக்கு எடுத்துச் செல்வதே அதுவரை வழக்கம். நண்பர்கள் பேரரசருக்கு விண்ணப்பம் அளித்தனர். அரசு தலைநகரிலேயே அவருக்கு நிலம் வழங்கியது. சீனமும் இலத்தீனும் பொறித்த கல்லுடன் அக்கல்லறை இன்றும் அங்கு உள்ளது.